துரு செய்யும் உபகாரம்

அரிவாள்மணையில் துரு ஏறினால் நமக்குப் பொறுக்காது. தேய்த்து எடுத்த பிறகுதான் மறு வேலை. அந்தத் துருவே குடிதண்ணீரிலுள்ள விஷத்தைப் பிடித்துக் கொள்கிறது என்றால் நம்புவீர்களா?

வங்க தேசத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் குளத்து ஜலந்தான் குடிக்கக் கிடைத்தது. காலராவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. ஆகவே, 1970-களில் யூனிசெப் உதவியுடன் ஊர் ஊராகக் குழாய்க் கிணறுகள் இறக்கினார்கள். தண்ணீர் பளிங்கு போல வந்தது. பூமிக்கடியிலேயே அதில் ஆர்ஸனிக் என்னும் பாஷாணம் கலந்திருப்பது 1993-இல்தான் தெரிந்தது!

அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. காய்ச்சினாலும் போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட விஷம் செறிவாகும். ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம். அதற்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரையறை. ஆண்டுக் கணக்கில் குடித்தவர்களுக்கு உள்ளங்கை தடித்தது. உடம்பில் கரும்புள்ளிகள் தோன்றின. சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. பெண்கள் பட்ட பாடு தனி. தொற்று நோய் என்று பயந்து கல்யாணங்கள் தடைப்பட்டன. புக்ககத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. உண்மையில் அது தொற்று நோயே அல்ல.

குஷ்டியா என்ற ஊரில் பிறந்து, அமெரிக்காவில் ரசாயனப் பேராசிரியரானவர் அபுல் ஹுஸாம். அவர் கண்டுபிடித்த வடிகட்டியின் பெயர் 'சோனோ'. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வாளிகள், அவ்வளவுதான். மேல் வாளியில் மணலுக்கு நடுவே பக்குவப்படுத்திய இரும்புத் துருவல். அதன்மேல் படியும் துரு ஆர்ஸனிக்கை இறுகப் பற்றிக் கொள்கிறது. கீழ் வாளியில் மணல், மரக்கரி, செங்கல் ஜல்லி. மின்சாரம் வேண்டாம். 2007-இல் இதற்குப் பத்து லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. அதில் பெரும் பகுதியை வடிகட்டிகள் வழங்கவே அவர் கொடுத்துவிட்டார்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழுவினர் இந்தத் தத்துவத்தை இன்னும் நுட்பமாக்கினார்கள். துருவுக்கு உறவான இரும்புச் சேர்மத்தை அணுத்திரள் போன்ற மிகச் சிறு துகள்களாக்கி, இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானில் பொதித்தார்கள். துகள் சிறுத்தால் மொத்தப் பரப்பு பெருகும். விஷம் ஒட்ட அதிக இடம் கிடைக்கும். அதன் பெயர் 'அம்ரித்'. பொருத்தமான பெயர்தான்!

இதைப் படித்துவிட்டுப் பானையில் நாலு ஆணிகளைப் போட்டுவிடாதீர்கள். அது வடிகட்டி ஆகாது. எந்த வடிகட்டியும் சாசுவதமல்ல. விஷத்தைப் பிடித்துப் பிடித்து அதுவும் ஒருநாள் நிறைந்துவிடும். உரிய காலத்தில் உள்ளிருக்கும் சரக்கை மாற்ற வேண்டும். கிணற்று நீரைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்ப்பதே முதல் காரியம். தண்ணீரின் தெளிவை மட்டும் பார்த்து ஏமாறலாமா?