வீட்டைப் புதுப்பிக்கையில் மின் விபத்து: தடுப்பதும் சமாளிப்பதும்

நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் மின்வசதி பெற்றிருந்த கிராமங்கள் சுமார் 1,500 மட்டுமே. மக்கள் வசிக்கும் கிராமங்கள் அனைத்தையும் மின்சாரம் சென்றடைந்துவிட்டதாக 2018 ஏப்ரல் மாதத்தில் அரசு அறிவித்தது. எழுபது ஆண்டு முயற்சியின் பயன் இது. ஆனால் மின்கம்பி வீட்டு வாசலை எட்டுவது ஒரு கட்டம். வீட்டினுள் அது தீங்கின்றி இயங்குவது மற்றொரு கட்டம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளின்படி, அண்மை ஆண்டுகளில் மின்சாரம் தாக்கி இறப்போரின் எண்ணிக்கை ஆண்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. வீடுகளில் இந்த ஆபத்து மிகுந்திருக்கும் காலம், சுவரை உடைத்துப் புதுப்பிக்கும் காலமாகும்.

ஓர் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் எங்கள் குடியிருப்பின் குளியலறையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தோம். தொழிலாளி ஒருவர் ஈரத்தரையில் நின்று சுவரில் துளையிட்டார். அவர் கையிலிருந்தது உலோக உறை கொண்ட பழைய இயந்திரம். மூன்று முள் பிளக் உடைந்துவிட்டதால், அதன் இரண்டு கம்பி முனைகளை மட்டும் சுவர்த் துளைகளில் செருகித் தீக்குச்சிகளால் இறுக்கியிருந்தனர். துளையிடும் முனை சுவருக்குள் சென்ற மின்கம்பியைத் தொட்டது. இயந்திரத்தை விட முடியாமல் அவர் கைகள் இறுகிக்கொண்டன. அவரைப் பிடித்து இழுக்க ஓடிய உதவியாளரை என் மனைவி கூவித் தடுத்தார். நான் மெயின் சுவிட்சை நோக்கி ஓடினேன். அதன் முன்னே சிமெண்டு மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு மேலே எட்டிக் கையை நுழைத்துச் சுவிட்சை அணைப்பதற்குள் கழிந்த சில விநாடிகள் மிக நீண்டவை. அத்தொழிலாளி உயிர் பிழைத்தார். மூட்டைகளை அங்கே அடுக்கச் சொன்னவன் நானே என்பதை இன்றும் மறக்க இயலவில்லை.

பியூஸ் யாரைக் காக்கிறது?

அன்று பியூஸ் எரிந்து போகவில்லை. இது பலருக்கும் வியப்பளிக்கக்கூடும். நமது வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். ஈரமான உடலின் மின்தடை சுமார் 1,000 ஓம் எனக் கொண்டால், உடலின் வழியே 230 மில்லி ஆம்பியர், அதாவது கால் ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டமே செல்லும். ஐந்து ஆம்பியர் பியூஸுக்கு இது பொருட்படுத்தத்தக்க அளவே அன்று. ஆனால் மனித இதயத்தின் துடிப்பை நிலைகுலையச் செய்ய இதனினும் குறைவான மின்னோட்டமே போதும். சுருங்கக் கூறின், பியூஸும் இக்காலத்து எம்.சி.பி.யும் கம்பி சூடேறித் தீப்பற்றாமல் காப்பவை. கசியும் மின்சாரத்திலிருந்து மனிதரைக் காக்க அவை மட்டும் போதா.

மனிதரைக் காப்பதற்கு இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். முதலாவது எர்த் இணைப்பு. கருவியின் உலோக உறைக்கு வரும் மின்சாரம் அதன் வழியே நிலத்துக்குப் பாய்ந்து பியூஸை எரிக்கும். மூன்றாவது முள்ளைத் துண்டிப்பவர் இக்காப்பைத் தாமே இழக்கிறார். இரண்டாவது, ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவுக் காப்புச் சாதனம். வீட்டுக்குள் செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பி வருவதையும் அது ஒப்பிடுகிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் 0.3 விநாடிக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. எனினும், கட்டக் கம்பியையும் நியூட்ரல் கம்பியையும் ஒருவர் ஒருசேரத் தொட்டால் இச்சாதனம் அதைக் கண்டறியாது. ஆகவே இதுவும் எச்சரிக்கைக்கு மாற்றாகாது.

விபத்து நேர்ந்தால்

முதற்பணி மெயின் சுவிட்சை அணைப்பது. பாதிக்கப்பட்டவரை வெறுங்கையால் தொடலாகாது. சுவிட்சை உடனே எட்ட முடியாவிடில், உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் அவரை மின் தொடர்பிலிருந்து விலக்கலாம். இன்வர்ட்டர் உள்ள வீடுகளில் மெயினை அணைத்த பின்னரும் சில கம்பிகளில் மின்சாரம் இருக்கும். அதையும் அணைக்க வேண்டும்.

பிறகு 108 அல்லது 112 எண்ணை அழைக்க வேண்டும். நினைவும் மூச்சும் இல்லையெனில், மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, உதவி வரும்வரை அழுத்த வேண்டும். எழுந்து நடமாடினாலும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். இதயத் துடிப்பின் கோளாறும் தசைகளின் உட்காயமும் வெளியே தெரிவதில்லை. தீப்பற்றியிருந்தால் நீரை ஊற்றலாகாது. மின்சாரத்தைத் துண்டித்து, உலர் தூள் அணைப்பானையோ மணலையோ பயன்படுத்த வேண்டும்.

வேலை தொடங்குமுன்

அறுபதுகளில் கட்டிய வீடுகள் பலவற்றில் மரச்சட்டத்தின் மேல் ஓடிய கம்பி கண்ணுக்குத் தெரிந்தது. இன்று அது குழாய்க்குள், பூச்சுக்குள் மறைந்துள்ளது. ஆகவே சுவிட்சுப் பெட்டிகளுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் துளையிடுவதற்கு முன் அப்பகுதியின் இணைப்பைத் துண்டித்து, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்தறிய வேண்டும். அறையின் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. கம்பி மாற்றும் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலமே செய்விக்க வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இடம்பெற்ற நெறியாகும்.

செலவும் பொறுப்பும்

ஆர்.சி.சி.பி. சாதனத்தின் விலை, குளியலறைக்கு நாம் தேர்ந்தெடுக்கும் ஓடுகளின் விலையில் ஒரு சிறு பகுதியே. ஆயினும் வீட்டுச் செலவில் முதலில் வெட்டப்படுவது இதுதான். பொருளாதார நோக்கில் இதன் காரணம் தெளிவு: சிக்கனத்தின் ஆதாயம் வீட்டுக்காரருக்கு, அதன் ஆபத்து தினக்கூலித் தொழிலாளிக்கு. கட்டுமானத் தொழிலாளர்களுக்கென 1996-இல் இயற்றப்பட்ட சட்டமும், சொந்தக் குடியிருப்பில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத செலவில் தனிநபர் செய்விக்கும் வேலைகளுக்கு விலக்கு அளித்தது. ஆய்வாளர் எட்டிப் பார்க்காத இத்தகைய சிறு பணியிடங்களில் பாதுகாப்பை உறுதி செய்ய வீட்டுக்காரரையன்றி வேறு எவரும் இல்லை.

எனவே வேலை தொடங்கும் நாளில், சுவரை எங்கே இடிப்பது என்று காட்டுமுன், மெயின் சுவிட்சு எங்கே உள்ளது என்பதைத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் காட்ட வேண்டும். அதற்குச் செல்லும் வழியில் எப்பொருளும் இராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை.