லாரி ஓடுகிறது, சரக்கு தூங்குகிறது!

மதுரையிலிருந்து எனக்கு ஒரு புஸ்தகப் பார்சல் வரவேண்டியிருந்தது. மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் தூரம் சுமார் 65 கிலோமீட்டர். பார்சல் வந்து சேர்ந்தது ஒன்பதாவது நாள்! கட்டை வண்டியில் ஏற்றி, வழியில் கொடை ரோட்டில் மாட்டை அவிழ்த்துக் கட்டி, வண்டிக்காரர் ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வந்திருந்தால்கூட மூன்றாம் நாள் என் கையில் இருந்திருக்கும்.

இதைச் சொல்லி நான் அங்கலாய்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் சிரித்தார். நூல் ஏற்றுமதி செய்கிறவர் அவர். வேடசந்தூர் பக்கத்து மில்களில் நூல் வாங்கித் தூத்துக்குடி வழியாகக் கப்பலில் அனுப்புகிறார்.

"அந்தப் பார்சல் ஒன்பது நாள் பிரயாணம் செய்ததாகவா நினைக்கிறீர்கள்? பிரயாணம் செய்தது இரண்டு மணி நேரம்தான் ஸார். பாக்கி நேரமெல்லாம் எங்கேயோ படுத்துத் தூங்கியிருக்கிறது" என்றார்.

"எங்கே தூங்கியது?"

"அதைக் கண்டுபிடிக்கிறவன்தான் வியாபாரி" என்று சொல்லி, அன்று சாயங்காலமே என்னைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரத்துக்குப் புறப்பட்டுவிட்டார். நூல்காரருக்குக் காய்கறிச் சந்தையில் என்ன வேலை என்று கேட்டேன். "எங்களுக்கெல்லாம் பாடசாலை அதுதான்" என்றார்.

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில் இருக்கிறது ஒட்டன்சத்திரம். அந்த மார்க்கெட்டைப் பார்க்காதவர்கள் ஒருமுறை அவசியம் போய்ப் பாருங்கள். முருங்கைக்காய்க் கட்டுகள் விறகுபோல் அடுக்கிக் கிடக்கின்றன. தக்காளிப் பெட்டி ஒரு பக்கம், வெண்டை, கத்திரி மூட்டைகள் ஒரு பக்கம், ஏலக் கூச்சல் இன்னொரு பக்கம். இங்கே ஏறும் சரக்கில் பெரும் பங்கு மலையாள தேசத்துக்குப் போகிறது. அங்கே அவியலில் மிதக்கும் முருங்கைக்காய்க்கு ஜாதகம் கணித்தால் ஜன்ம ஸ்தலம் பெரும்பாலும் நம் ஜில்லாவாகத்தான் இருக்கும்.

ராத்திரி கிளம்பும் லாரி விடிவதற்குள் கேரளத்துச் சந்தையில் நிற்கவேண்டும். கொஞ்சம் பிந்தினால் என்ன என்று கேட்டுவிடாதீர்கள். அங்கே சில்லறைக் கடைக்காரர்கள் விடியற்காலையில் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். லாரி இரண்டு மணி நேரம் பிந்தி வந்தால், சரக்கு மறுநாள் சந்தை வரையில் காத்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரத் தாமதம் ஒரு முழு நாள் தாமதமாகிவிடும்! அதற்குள் தக்காளி தன் குணத்தைக் காட்டிவிடாதா?

ஆகையால் மண்டிக்காரர்கள் கணக்கைப் பின்னாலிருந்து போடுகிறார்கள். விடியற்காலைச் சந்தையிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்து, லாரி எத்தனை மணிக்குத் தார்ப்பாய் கட்டவேண்டும், அதற்கு ஏலம் எத்தனை மணிக்கு முடியவேண்டும், அதற்குக் காய் எத்தனை மணிக்குக் காட்டிலிருந்து வரவேண்டும் என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். லாரி டிரைவரை வேகமாக ஓட்டச் சொல்லி யாரும் விரட்டுவதில்லை. வேகமாக ஓட்டினால் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால் சொல்வார்கள்.

இவர்கள் பயப்படுவது லாரி நிற்கும் இடங்களுக்கு. பாலக்காடு போகிற வழியில் வாளையார் சாவடி என்றால் ஒரு காலத்தில் சரக்கு வண்டிக்காரர்களுக்குச் சிம்ம சொப்பனம். மைல் கணக்கில் லாரிகள் வரிசை பிடித்து நிற்கும். டிரைவர் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டு, வேஷ்டியைத் துவைத்து உலர்த்திக்கூட எடுத்துவிடலாம். 2017-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தது, அதோடு வரிச் சோதனைச் சாவடிகள் போயின. அந்த வரியைப் பற்றிப் பல வியாபாரிகளுக்குப் பலவித அபிப்பிராயம் உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் குறை சொல்கிறவர் இல்லை. அதே லாரி, அதே என்ஜின், அதே டிரைவர். பிரயாணம் மட்டும் குறைந்துவிட்டது!

இன்னொரு பாடமும் இங்கே உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது, தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்குப் போகும் பாதை நாள்கணக்கில் அடைபட்டது. அந்த ஒரு வாசலையே நம்பியிருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். சுற்று வழியானாலும் சரி, இரண்டாவது வாசல் ஒன்று தெரிந்திருக்க வேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டவர்கள் பலர்.

"இப்போது என் கதைக்கு வாருங்கள்" என்றார் நண்பர், திரும்பும் வழியில்.

திண்டுக்கல்லிலிருந்து தூத்துக்குடி சுமார் 200 கிலோமீட்டர். நூல் ஏற்றிய பெட்டி லாரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் விடிவதற்குள் போய்விடும். அங்கே கப்பல் புறப்படும் நேரம் முக்கியமில்லை. அதற்கு வெகு முன்னால் துறைமுக வாசலை அடைத்துவிடும் நேரம் ஒன்று உண்டு, அதுதான் முக்கியம். அது தப்பினால் அடுத்த கப்பல். அடுத்த கப்பல் என்றால் பெட்டிக்கு வாடகை, இடத்துக்கு டெமரேஜ், பாங்கிக்கு வட்டி. நூல் தக்காளிபோல் அழுகாது, வாஸ்தவம். அதில் போட்ட பணம் அழுகும்!

தூத்துக்குடியிலிருந்து பல பெட்டிகள் சின்னக் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. ரயிலில் போகிறவர்கள் ஜங்ஷனில் வண்டி மாறுகிற மாதிரி. முதல் வண்டி பிந்தினால் இரண்டாவது வண்டி காத்திருக்குமா?

"முன்பெல்லாம் மில்லிலேயே பெட்டியை நிரப்ப வேண்டுமானால், அதிகாரி வந்து பார்த்து முத்திரை வைக்க வேண்டும். அவருக்கு நான் ஒருவன்தானா? வேறு மில் இருக்கும், ஜுரம் இருக்கும், மாமியார் வீட்டில் விசேஷம் இருக்கும்" என்றார் நண்பர். 2017-இல் அந்த ஏற்பாட்டை மாற்றினார்கள். ஏற்றுமதி செய்கிறவரே மின்னணு முத்திரையை வைத்துப் பூட்டி அனுப்பலாம்; துறைமுகத்தில் கருவி அதைப் படித்துக்கொள்ளும். இங்கேயும் பாருங்கள், சாலை குறுகவில்லை. பெட்டி தூங்கும் ஓர் இடம் குறைந்தது, அவ்வளவுதான்.

எல்லாத் தூக்கத்தையும் இப்படிக் கலைத்துவிட முடியுமா? 2023 டிசம்பர் மாதத்தைப் பற்றிக் கேட்டால் நண்பர் முகம் சற்று வாடுகிறது. ஒரே மாதத்தில் மூன்று அடிகள்.

முதல் அடி வெங்காயக்காரர்களுக்கு. டிசம்பர் 7-ஆம் தேதி மத்திய சர்க்காரின் அறிவிப்பு வந்தது; மறுநாளிலிருந்து வெங்காய ஏற்றுமதிக்குத் தடை. ஆனால் அந்த அறிவிப்பிலேயே ஒரு சந்து விட்டிருந்தார்கள். அறிவிப்புக்கு முன்பே கப்பலில் ஏற்ற ஆரம்பித்த சரக்கும், சுங்க இலாகாவிடம் ஒப்படைத்துப் பதிவான சரக்கும் ஜனவரி 5-ஆம் தேதி வரையில் போகலாம். அதாவது, காகிதத்தை முன்கூட்டி முடித்துச் சரக்கை ஒப்படைத்திருந்தவருக்குக் கதவு திறந்திருந்தது. "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று மூட்டையை கோடவுனில் வைத்திருந்தவருக்கு மூடிவிட்டது. பிறகு தடை நீங்கியது 2024 மே 4-ஆம் தேதிதான். அதுவும் டன்னுக்குக் குறைந்தபட்ச விலை 550 டாலர், 40 சதவீத வரி என்ற நிபந்தனைகளோடு.

இரண்டாவது அடி செங்கடலில். ஹூதிகளின் தாக்குதலுக்குப் பயந்து, டிசம்பர் நடுவில் பெரிய கப்பல் கம்பெனிகள் சூயஸ் பாதையை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கின. ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக்குப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரையில் கூடுதல். (நம் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. 1967-இல் மூடிய சூயஸ் கால்வாய் 1975-இல்தான் திறந்தது!) மூன்றாவது அடி வானத்திலிருந்து. டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களில் கொட்டிய மழையில் சாலையும் ரயில் பாதையும் அறுந்தன. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்!

இதில் எதை நண்பர் தடுத்திருக்க முடியும்? ஒன்றையும் முடியாது. ஆனால் நஷ்டம் எல்லோருக்கும் ஒரே அளவாக இல்லை என்கிறார். மொத்தச் சரக்கையும் ஒரே கப்பலுக்கு வைத்திருந்தவர்கள் மொத்தமாக மாட்டிக்கொண்டார்கள். இரண்டு மூன்று கப்பல்களுக்குப் பிரித்து வைத்திருந்தவர்களுக்கு ஒரு பங்குதான் மாட்டியது. கப்பல் வாடகையையும் தாமே ஏற்று விலை பேசியிருந்தவர்கள், வாடகை ஏறியபோது விழி பிதுங்கினார்கள். கப்பலில் ஏற்றும் வரையில்தான் என் பொறுப்பு என்று எழுதி வாங்கியிருந்தவர்கள் ராத்திரி தூங்கினார்கள். இதையெல்லாம்விடப் பெரிய தந்திரம் ஒன்றும் சொன்னார்: சரக்கு பிந்தும் என்று தெரிந்த அன்றைக்கே வாங்குகிறவருக்குச் சொல்லிவிடுவது. என்னுடைய புஸ்தகக்காரர் அதைச் செய்திருந்தால் நான் இத்தனை ஆத்திரப்பட்டிருக்க மாட்டேன் என்பது மெய்தான்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. நூல்காரருக்கு ஒப்பந்தம் இருக்கிறது, பாங்கி இருக்கிறது, இன்ஷூரன்ஸ் இருக்கிறது. விடியற்காலையில் வெண்டைக்காய் பறித்துக் கொண்டுவரும் விவசாயிக்கு என்ன இருக்கிறது? எல்லை அடைபட்டால் அன்றைக்கே மண்டியில் விலை விழுகிறது. பறித்த கூலியாவது கிடைக்குமா என்று அவர் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறார். தாமதத்தின் பில் ஊர் ஊராகக் கைமாறி வந்து, கடைசியில் அவர் மடியில்தான் விழுகிறது. இதை நண்பரிடமே கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பதில் பேசாமல் காரை ஓட்டினார்.

"இரண்டு நாள் தாங்கும்படி குளிர் கிடங்கு பக்கத்திலேயே இருந்து, சின்ன விவசாயிக்கும் கட்டுகிற வாடகையில் இடம் கிடைத்தால் கொஞ்சம் மூச்சு விடலாம் ஸார். தக்காளிக்கு அது உதவும். ஆனால் வெண்டைக்காய்..." என்று ஆரம்பித்தவர், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார். மூன்று மணிக்கு மில்லுக்கு லாரி வருகிறதாம். ஏற்றுகிற ஆட்களை இரண்டரை மணிக்கே வரச் சொல்லியிருக்கிறாராம். என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, காப்பிகூடச் சாப்பிடாமல் போய்விட்டார்.