தன் கைச்சுவடு தெரியாமல் ஒரு வேலை

2012ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இலண்டன் மாநகரின் ‘டேட் மாடர்ன்’ கலைக்கூடத்தில் வழக்கம்போல் மக்கள் கூட்டம். அக்கூட்டத்தில் இருந்த ஒரு வாலிபர், யாரும் எதிர்பாராத நேரத்தில், சுவரில் இருந்த பெரியதோர் ஓவியத்தின் கீழ்மூலையில் மைப் பேனாவால் தம் பெயரையும் சில சொற்களையும் கிறுக்கிவிட்டு நடந்துவிட்டார். பின்னர் அவர் பிடிபட்டதும், ஈராண்டுச் சிறைத் தண்டனை பெற்றதும், செய்த செயலுக்காகப் பகிரங்கமாக வருந்தியதும் வேறு கதை. நாம் சொல்ல வந்தது அந்தக் கறையைத் துடைத்தவர்களைப் பற்றி.

ஓவியத்தின் பெயர் ‘மெரூன் மீது கறுப்பு’. 1958ல் மார்க் ராத்கோ என்னும் அமெரிக்க ஓவியர் தீட்டியது. நியூயார்க் நகரில் செல்வந்தர்கள் உண்ணும் ஓர் உணவகத்திற்காக வரையத் தொடங்கிய வரிசையில் இதுவும் ஒன்று. பின்னர் அந்த இடம் தம் ஓவியங்களுக்கு ஏற்றதன்று என்று கருதி, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் ராத்கோ. அவ்வரிசையில் ஒன்பது ஓவியங்களை டேட் கலைக்கூடத்திற்கு அன்பளிப்பாக வழங்கினார். அவை இலண்டன் வந்து சேர்ந்த 1970 பிப்ரவரி 25ஆம் நாளிலேயே அவருடைய மரணச் செய்தியும் வந்தது.

மனித உருவமோ, விலங்கின் உருவமோ இவ்வோவியத்தில் இல்லை. எனவே உருவப்படம் குறித்து நம் இல்லங்களில் எழும் கேள்விக்கே இங்கு இடமில்லை. அரக்குச் சிவப்புப் பரப்பின் மேல் கறுப்பு நிறம் படர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். “இதில் என்ன கஷ்டம்? கெட்ட இடத்தில் அதே நிறத்தைப் பூசிவிட்டால் போயிற்று!” என்று நம்மில் பலருக்குத் தோன்றும்.

அப்படித் தோன்றியதன் விளைவை ஆம்ஸ்டர்டாம் நகரம் கண்டிருக்கிறது. பார்னெட் நியூமன் 1967ல் வரைந்த, ஐந்து மீட்டருக்கும் அதிக நீளமுள்ள ஓவியம் ஒன்று அங்குள்ள ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் இருந்தது. ஏறத்தாழ முழுவதும் சிவப்பு. 1986ல் ஒருவர் அதைக் கத்தியால் கிழித்துவிட்டார். பழுது பார்க்க நியூயார்க் அனுப்பினார்கள். 1991ல் திரும்பி வந்தபோது கிழிசல் இல்லை. ஆனால் அந்தச் சிவப்பின் உயிரும் இல்லை என்றனர் பார்த்தவர்கள். சோதனைக்கூடத்தில் ஆராய்ந்தபோது பழைய சிவப்பின் மேல் புதுப்பூச்சு ஏறியிருப்பது தெரிந்தது. பழுது பார்த்தவர் குற்றச்சாட்டை மறுத்தார். விவகாரம் வழக்கு வரை போயிற்று. எது எப்படியாயினும், நியூமன் கைப்படப் பூசிய சிவப்பு மறைந்தது மறைந்ததுதான்.

பழங்கால ஓவியங்களில் இந்தத் தொல்லை சற்றுக் குறைவு. அவற்றின் மேல் பெரும்பாலும் வார்னிஷ் பூச்சு ஒன்று போர்வைபோல் கிடக்கும். அழுக்கு அதன்மேல் படியும். வல்லுநர்கள் அதை நீக்கிப் புதிதாகப் பூசுவார்கள். நவீன ஓவியர் பலர் அந்தப் போர்வையை வேண்டாம் என்றனர். வர்ணம் வெறும் மேனியாக நிற்கிறது. விரல் பட்டால் விரல் ரேகை பதியும். அக்ரிலிக் வர்ணமாயின் தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஈரம் பட்டால் உப்பும். அதுமட்டுமல்ல, கையில் கிடைத்ததையெல்லாம் கலந்து பார்த்தவர்கள் இவர்கள். ராத்கோவின் அந்த வரிசை ஓவியங்களில் எண்ணெய், பசை, குங்கிலியம் போன்ற மரப்பிசின், செயற்கைப் பிசின் ஆகியவற்றோடு முட்டையும் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். ஒரு திரவத்தால் மையைக் கரைக்கப் போனால், அதனுடன் ராத்கோவின் வர்ணமும் கரைந்து வந்துவிடும். அந்த மையோ அடுக்கடுக்கான வர்ணத்தைத் துளைத்து, துணியின் பின்புறம் வரை ஊறியிருந்தது.

ரேச்சல் பார்க்கர் என்னும் பெண்மணி இப்பணியை ஏற்றார். வேதியியல் அறிஞர் பிரான்வின் ஆர்ம்ஸ்பி துணை நின்றார். ஓவியத்தில் கை வைப்பதற்கு முன் சோதனைகளுக்கே பல மாதங்கள் கழிந்தன. ராத்கோ கையாண்ட பொருள்களைக் கொண்டே மாதிரித் துணி ஒன்றைத் தயாரித்தார்கள். அதைச் செயற்கை முறையில் முதுமைப்படுத்தி, அதே வகை மையை அதில் இட்டு, எந்தக் கரைப்பான் மையை மட்டும் எடுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ராத்கோ தம் காலத்தில் பயன்படுத்திய பழைய துணி ஒன்றையும் அவர் குடும்பத்தார் இச்சோதனைக்காக அளித்தனர். அதன் பிறகே பஞ்சு சுற்றிய குச்சியோடு அசல் ஓவியத்தை அணுகினார்கள். மை முழுவதும் வரவில்லை. வராத இடத்தில் வலிந்து தேய்க்காமல், பிற்காலத்தில் வேண்டுமானால் நீக்கிவிடக்கூடிய வர்ணத்தால் மெல்ல மறைத்தார்கள். 18 மாத உழைப்புக்குப்பின், 2014 மே மாதம் ஓவியம் மீண்டும் சுவரேறியது.

அமானிதம் என்னும் சொல்லின் கனம் நமக்குத் தெரியும். ஒப்படைத்த பொருளைக் குறைத்துக் கொடுப்பது மோசடி என்பது யாவரும் அறிந்ததே. அழகாயிருக்கட்டும் என்று நாமாகக் கூட்டிக் கொடுப்பதும் அப்பொருளை மாற்றிக் கொடுப்பதுதான் என்பதை இத்தொழிலில் உள்ளவர்கள் அன்றாடம் நினைவில் வைத்தாக வேண்டியிருக்கிறது. தாம் சேர்க்கும் எதையும் நாளை இன்னொருவர் எடுத்துவிட இயல வேண்டும் என்பது அவர்களின் முதல் விதி. நம் வீட்டுப் பரணில் பாட்டனார் ஓதிய அரபுத்தமிழ் கிதாபு கிழிந்திருந்தால், அன்பு மிகுதியால் செலோடேப் ஒட்டிவிடுகிறோம். சில ஆண்டுகளில் அந்தப் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடுகிறது. நாடா உதிர்ந்தாலும் கறை போவதில்லை. ஒட்டாமல், உலர்ந்த இடத்தில், துணியில் சுற்றி வைத்திருந்தாலே கிதாபு பிழைத்திருக்கும்.

தூரிகையே தொடாமல் பழுது நீக்கிய செய்தியும் உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஓர் உணவுக்கூடத்திற்கு ராத்கோ வரைந்து கொடுத்த ஓவியங்கள் 1964ல் மாட்டப்பட்டன. சன்னல் வழி வந்த வெயிலில் செந்நிறம் வெளிறிப் போயிற்று. ‘லித்தால் சிவப்பு’ என்ற அந்த வர்ணப்பொடி வெளிச்சம் தாங்காதது. 1979ல் கழற்றி இருட்டறையில் வைத்துவிட்டார்கள். வார்னிஷ் இல்லாத பரப்பாதலால் மேலே எதைப் பூசினாலும் திரும்ப எடுக்க வழியில்லை. ஆகவே, பழைய வர்ணப் புகைப்படங்களைக் கொண்டு, எந்தெந்த இடத்தில் எவ்வளவு நிறம் குறைந்திருக்கிறது என்று கணினியில் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டார்கள். குறைந்த நிறத்தை மட்டும் ஒளியாக ஓவியத்தின் மேல் பாய்ச்சினார்கள். 2014 நவம்பரில் தொடங்கிய அந்தக் கண்காட்சியில் 50 ஆண்டுகளுக்கு முந்திய சிவப்பை மக்கள் மறுபடியும் கண்டனர்.

நாள்தோறும் மாலை 4 மணிக்கு ஒளிக்கருவியை அணைத்துவிடுவார்கள். வெளிறிய ஓவியம் உள்ளது உள்ளபடியே தெரியும். அந்த நேரம் பார்த்து வருவதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது.