இரும்புக் கவசம் அணியாத காட்டுப் பூசாரி!
விளையாட்டில் செய்த சத்தியமும் சத்தியம்தானா?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மேஜையைச் சுற்றி ஐந்து இளைஞர்கள். மேஜை மீது காகிதம், பென்சில், ஆறிப்போன தேநீர், விதவிதமான பகடைகள். சீட்டாட்டம் அல்ல. பந்தயப் பணமும் கிடையாது.

ஒருவன் கதை சொல்வது போல் சொல்கிறான்: "உன் நண்பனான போர்வீரன் அடிபட்டுக் கீழே கிடக்கிறான். தீ கக்கும் டிராகன் நெருங்கி வருகிறது. வீரனுடைய இரும்புக் கேடயம் உன் காலடியில் கிடக்கிறது. எடுக்கிறாயா?"

எதிரே இருப்பவன் பதில் சொல்லாமல் யோசிக்கிறான். கேடயத்தை எடுத்து மறைத்தால் நண்பன் பிழைப்பான். ஆனால் இவன் ஏற்றிருக்கும் வேடம் 'ட்ரூயிட்'. உலோகத்தால் ஆன கவசத்தையும் கேடயத்தையும் பயன்படுத்த மாட்டேன் என்று சத்தியம் செய்த காட்டுப் பூசாரி. என்ன செய்வது?

அந்தப் பக்கமாகப் போகும் பெரியவர்கள் சிரிப்பார்கள். "கற்பனைக் கதைதானே! எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன?" என்பார்கள்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது!

காயும் இல்லை, கட்டமும் இல்லை

இந்த ஆட்டத்தின் பெயர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இருவர் உருவாக்கியது. 1974-ம் ஆண்டு வெளிவந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் தொடங்கிய இந்த ஆட்டம் இன்று உலகம் முழுவதும் பரவிவிட்டது. பெங்களூரிலும் மும்பையிலும்கூட விடுமுறை நாளில் கூடி விளையாடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளையும் அதில் ஒருவனாக இருக்கலாம்.

சதுரங்கம் போல இதில் காய்களை வெட்டி ஜெயிப்பது இல்லை. ஒவ்வொருவரும் ஒரு வேடம் ஏற்கிறார்கள். ஒருவன் போர்வீரன், ஒருத்தி மந்திரவாதி, இன்னொருவன் திருடன். ஒருவர் மட்டும் வேடம் ஏற்காமல் கதையை நடத்துகிறார். அவருக்கு 'டஞ்சன் மாஸ்டர்' என்று பெயர். நாம் நடுவர் என்று சொல்லலாம். "கதவைத் திறக்கிறேன்" என்று ஒருவன் சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்பதை நடுவர் சொல்வார். வாள் வீச்சு பலிக்குமா என்பதை 20 முகம் கொண்ட பகடை சொல்லும்.

ஆக, ஆட்டத்தின் மூலதனம் வாய்ச்சொல்தான். சொன்ன சொல்லுக்கு மதிப்பு இல்லை என்றால் ஆட்டமே இல்லை.

யார் இந்த ட்ரூயிட்?

ட்ரூயிட் என்பது வெறும் கற்பனை அல்ல. இன்றைய பிரான்ஸ், பிரிட்டன், அயர்லாந்து நாடுகளில் பண்டைக் காலத்தில் வாழ்ந்த கெல்டிய மக்களின் குருமார்களுக்குத்தான் அந்தப் பெயர்.

ரோமாபுரித் தளபதி ஜூலியஸ் சீசர் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். இவர்கள் போருக்குப் போவதில்லை. வரி கட்டுவதில்லை. சிலர் 20 ஆண்டுகள் வரை பாடம் கற்பார்கள். கற்ற பாடத்தை எழுதி வைக்க மாட்டார்கள். எல்லாம் மனப்பாடம்!

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்ற ரோமானிய அறிஞரும் ஒரு காட்சியைச் சொல்கிறார். வெள்ளை உடை உடுத்திய ட்ரூயிட் ஓக் மரத்தில் ஏறி, அதில் வளர்ந்திருக்கும் புல்லுருவியைப் பொன் அரிவாளால் அறுப்பாராம். வேறொரு மூலிகையைப் பறிக்கும்போது இரும்பு படக் கூடாதாம்.

ஆனால் இரும்புக் கவசம் அணியக் கூடாது என்ற தடை, விளையாட்டை எழுதியவர்கள் வகுத்தது. அந்தத் தடை மாறி வந்த கதை சுவையானது.

பலிக்காது, கூடாது, மாட்டேன்

1976-ல் வெளிவந்த ஒரு துணை நூலில்தான் ட்ரூயிட் வேடம் முதன்முதலாக ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்தது. 1978-ல் வந்த ஆட்டக்காரர் கையேடு, தோல் கவசமும் மரக் கேடயமும் மட்டுமே ட்ரூயிட்டுக்கு உண்டு என்றது. காரணம்? உலோகக் கவசம் மந்திர சக்தியைக் கெடுத்துவிடுமாம். அதாவது, அணிந்தால் மந்திரம் 'பலிக்காது'. இதில் சத்தியத்துக்கு வேலை இல்லை. நனைந்த தீக்குச்சி எரியாது என்பது போன்ற கதை.

2000-ம் ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பில் 'கூடாது' என்ற சொல் வந்தது. குறிப்பிட்ட சில ஆயுதங்களைத் தவிர மற்றவற்றை எடுக்கவிடாமல் ஆன்மிகச் சத்தியம் தடுக்கிறது என்று அந்த நூல் கூறியது. உலோகக் கவசத்துக்கும் தடை. மீறினால் அணிந்திருக்கும் வரையிலும், கழற்றிய பின் 24 மணி நேரமும் மந்திரம் போய்விடும்.

2014-ல் ஐந்தாம் பதிப்பு வந்தது. அதில் தண்டனையே இல்லை. ட்ரூயிட்டுகள் உலோகக் கவசம் அணிய 'மாட்டார்கள்' என்பதோடு நூல் நிறுத்திக்கொண்டது. மீறினால் என்ன ஆகும் என்று ஆட்டக்காரர்கள் துளைத்துத் துளைத்துக் கேட்டார்கள். வெளியீட்டு நிறுவனம் கொடுத்த விளக்கத்தின் சாரம் இதுதான்: சைவ உணவுக்காரரால் இறைச்சியைச் சாப்பிட முடியாதா? முடியும். ஆனால் சாப்பிட மாட்டார். ட்ரூயிட்டும் அப்படித்தான்!

2024-ல் வந்த புதிய கையேட்டில் அந்த ஒரு வரியும் போய்விட்டது. இப்போது தடை இல்லை, தண்டனை இல்லை. ஆட்டக்காரர் விரும்பினால் தம் பாத்திரத்துக்கு அந்த விரதத்தைத் தாமே வைத்துக்கொள்ளலாம்.

அரிவாள் மட்டும் இரும்பு இல்லையா?

இனி சிக்கலுக்கு வருவோம். ட்ரூயிட் இரும்புக் கவசம் அணிய மாட்டார். ஆனால் அவர் கையில் இருக்கும் கதிர் அரிவாள்? அதுவும் இரும்புதானே! பழைய பதிப்புகளில் குத்துவாளும் வளைந்த வாளும்கூட அவருக்கு அனுமதிக்கப்பட்ட ஆயுதங்களாக இருந்தன. அப்படியானால் இடுப்புப் பட்டையின் கொக்கி, சோறு பொங்கும் பானை, பையில் உள்ள காசு எல்லாம் என்ன கணக்கு?

விதியை எழுத்து எழுத்தாகப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு முடிவே இல்லை. ஏன் இந்த விரதம் என்று கேட்டால்தான் வழி பிறக்கும்.

பூமியைத் தோண்டிக் கனிமம் எடுப்பது பாவம் என்பது காரணமானால், அரிவாளும் ஆகாது. அந்த ட்ரூயிட் கல்லும் மரமும் கொண்டே காலம் தள்ள வேண்டும்.

கவசம் உடம்பை மூடி, மண்ணுக்கும் மனிதனுக்கும் நடுவே சுவர் எழுப்புகிறது என்பது காரணமானால், அரிவாளில் தவறு இல்லை. அது கைக்கருவி. வேலை முடிந்ததும் கீழே வைத்துவிடலாம்.

நாம் ஒரே குருகுலத்தைச் சேர்ந்தவர்கள் என்று காட்டும் அடையாளமே விரதம் என்றால், அது சீருடை மாதிரி. ஆபத்துக் காலத்தில் கழற்றலாம். கழற்றிவிட்டோம் என்ற உறுத்தல் இருக்கும். ஆனால் பாவம் இல்லை.

மூன்றாம் பதிப்பில் மரத்தை எஃகு போல் கெட்டியாக்கும் மந்திரம் ஒன்று உண்டு. அந்த மரத்தால் தலை முதல் கால் வரை கவசம் செய்து போட்டுக்கொள்ளலாம். விதிப்படி அது உலோகம் அல்ல! கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் தனக்கும் மண்ணுக்கும் நடுவே சுவர் வேண்டாம் என்று சத்தியம் செய்தவனுக்கு மரச்சுவரும் சுவர்தானே? இரும்பு வேண்டாம் என்று மட்டும் சத்தியம் செய்தவனுக்கு அதில் குற்றம் இல்லை.

ஆகவே ட்ரூயிட் வேடம் ஏற்பவர் முதல் நாளே ஒரு காகிதத்தில் இரண்டு வரி எழுதிவிட வேண்டும். "நான் எதை விட்டேன்? ஏன் விட்டேன்?" நடுவரிடமும் அதைக் காட்டிவிட வேண்டும். நடு ஆட்டத்தில் வரும் பாதிச் சண்டை அதோடு தீர்ந்துவிடும்.

மெமோ வேறு, டிஸ்மிஸ் வேறு

எல்லாச் சத்தியமும் ஒரே எடை அல்ல. மூன்றாம் பதிப்பு இதை அழகாகப் பிரித்துக் காட்டியது. உலோகக் கவசம் அணிந்தால் ஒரு நாள் மந்திரம் போகும், பிறகு தானாகத் திரும்பும். ஆனால் ட்ரூயிட்டுகளின் ரகசிய மொழியை வெளியாளுக்குக் கற்றுக்கொடுத்தாலோ, இயற்கையைப் போற்றுவதை விட்டுவிட்டாலோ, எல்லாச் சக்தியும் போய்விடும். பிராயச்சித்தம் செய்தால்தான் திரும்பக் கிடைக்கும்.

அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். தாமதமாக வந்தால் மெமோ. ரகசிய ஃபைலை வெளியே கொடுத்தால் டிஸ்மிஸ். இரண்டையும் ஒன்றாகக் கருதுபவன் நல்ல அதிகாரியும் அல்ல, நல்ல நடுவரும் அல்ல.

இந்த வித்தியாசம் தெரிந்தால் நெருக்கடியில் வழி தெரியும். சின்ன விரதமும் பெரிய சத்தியமும் மோதினால் சின்னது விட்டுக்கொடுக்க வேண்டும். குருட்சேத்திரத்தில் ஆயுதம் எடுப்பதில்லை என்று சொன்ன கண்ணன், பீஷ்மர் மீது சக்கரத்தோடு பாய்ந்த கதையை நம்மூர்ப் பிரசங்கிகள் இன்றும் விவாதிக்கிறார்கள். சொல்லைக் காப்பது பெரிதா, நம்பி வந்தவனைக் காப்பது பெரிதா? அதே கேள்விதான் இந்த மேஜை மீதும் கிடக்கிறது.

மரம் வெட்டுபவன் எதிரியா?

ட்ரூயிட் இயற்கையைக் காப்பவர். அப்படியென்றால் மரம் வெட்டுபவனைக் கண்டதும் பாய வேண்டுமா? புதிதாக ஆடுபவர்கள் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். விறகுக்காக வந்த ஏழைக் குடியானவனை மிரட்டிவிட்டு, சத்தியத்தைக் காப்பாற்றியதாக மார் தட்டுவார்கள்.

1978-ம் ஆண்டுக் கையேட்டின்படி ட்ரூயிட் எந்தப் பக்கமும் சாயாத நடுநிலையாளர். ஓநாய் மானைத் தின்றால் அவர் ஓநாயை வெறுப்பதில்லை. குளிருக்கு விறகு தேடும் மனிதனும் அதே காட்டில் பசியும் குளிரும் உள்ள ஒரு ஜீவன்தான். காட்டையே மொட்டையடிக்க வருபவன் கதை வேறு. அங்கே அவர் குறுக்கே நிற்க வேண்டும். தேவைக்கு எடுப்பவனையும் பேராசையால் அழிப்பவனையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரே ட்ரூயிட்.

சத்தியம் சாக்காகக் கூடாது

ஐந்து பேர் கூடி ஆடும் ஆட்டம் இது. ஒருவன் தன் சத்தியத்தையே தடியாக எடுத்து மற்ற நால்வரையும் அடிக்கக் கூடாது. "நகரத்துக்குள் வரமாட்டேன், என் சத்தியம்", "அந்தக் கோட்டை கல் கட்டடம், என் சத்தியம்" என்று எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஜையில் அவன் நாற்காலி காலியாக இருக்கும்!

விரதம் இருப்பவர் தம் வயிற்றைத்தான் காயப்போட வேண்டும். அடுத்தவர் இலையைப் பிடுங்குவது விரதம் ஆகாது.

நடுவருக்கும் ஒரு கடமை உண்டு. எந்தப் பக்கம் போனாலும் சத்தியம் உடைவது போல் வேண்டுமென்றே பொறி வைப்பது சாமர்த்தியம் அல்ல. சோதனை வைக்கலாம். ஆனால் கவனித்துப் பார்ப்பவனுக்கு ஒரு வாசலாவது திறந்திருக்க வேண்டும்.

அந்தக் கேடயம் என்ன ஆயிற்று?

தொடக்கத்தில் பார்த்த மேஜைக்குத் திரும்புவோம். அந்த இளைஞன் என்ன செய்யலாம்?

முதலில், சத்தியத்துக்கு உட்பட்ட வழி இருக்கிறதா என்று தேட வேண்டும். ட்ரூயிட்டுக்கு மிருக வடிவம் எடுக்கும் சக்தி உண்டு. கரடியாக மாறி நண்பனைக் கவ்வி இழுத்து வரலாம். மூடுபனியை வரவழைத்து டிராகனின் கண்ணை மறைக்கலாம்.

எந்த வழியும் இல்லையா? கேடயத்தை எடுக்கட்டும். "இது கேடயம் அல்ல, தட்டு" என்று சட்டம் பேசாமல், சத்தியத்தை மீறுகிறேன் என்று சொல்லியே எடுக்கட்டும். நண்பன் பிழைப்பான். மறுநாள் ட்ரூயிட் தன் மரத்தடியில் உட்கார்ந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு, உரிய நோன்பு இருக்கட்டும். புதிய கையேடு தண்டனை சொல்லாவிட்டாலும் அவனே விதித்துக்கொள்ளட்டும். நடுவர் அதை ஒரு நல்ல காட்சியாக நடத்திக்கொடுக்கட்டும்.

மீறியதற்கு விலை கொடுத்தவனின் சத்தியம் செத்துப்போவதில்லை. சாக்குச் சொல்லி நழுவியவனின் சத்தியம்தான் செத்துப்போகிறது.

முதலில் 'பலிக்காது', பிறகு 'கூடாது', பிறகு 'மாட்டேன்'. ஏறக்குறைய 50 ஆண்டுகளில் இந்தச் சிறு விதி நடந்து வந்த பாதை இது. தண்டனைக்குப் பயந்து நடப்பதில் தொடங்கி, தானாக நடப்பதில் வந்து நிற்கிறது. தட்டிக் கேட்க ஆள் இல்லாத இடத்தில் கொடுத்த வாக்கைக் காப்பது பெரியவர்களுக்கே கடினம். ஞாயிற்றுக்கிழமை மேஜையில் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு அதற்காகத் தலையைச் சொறியும் பிள்ளையைப் பார்த்து, அடுத்த முறை சிரிக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "நீ என்ன சத்தியம் செய்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.