ஏட்டைப் படமெடுக்கும் முன் லென்ஸை அளந்து பாருங்கள்

செட்டிநாட்டு அரியக்குடியிலும் சுற்று ஊர்களிலும் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளின் பெட்டகங்களில் என்னென்னவோ காகிதம் இருக்கிறது: கொண்டுவிற்க, அதாவது வணிகத்துக்கு, கடல் கடந்து போனவர்கள் பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் எழுதிய கடிதம், வட்டிக் கணக்குப் பேரேடு, கல்யாணத்தில் எழுதிய இசைகுடிமானம். கரையான் முந்துவதற்குள் படமெடுத்து வைத்துவிட வேண்டும் என்ற ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. ஆனால் கேமராவை ஸ்டாண்டில் மாட்டிய கையோடு முதல் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் அரை நாள் வேலை ஒன்று உண்டு. லென்ஸ் எவ்வளவு நுணுக்கம் வரை பிரித்துக் காட்டுகிறது என்று ஓர் அட்டையை வைத்து அளப்பது.

காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள், அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் கைக்குப் போய், 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. தொடக்கத்தில் அந்த நூல்களைப் பாதுகாக்கக் கையாண்ட வழி மைக்ரோஃபிலிம். அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சுருளில் முதலில் பதிவது நூலின் பக்கம் அல்ல, ஐ.எஸ்.ஓ. 3334 தரத்தின்படி அமைந்த கோட்டு அட்டை. அதில் பிரிந்து தெரியும் கடைசிக் கட்டத்தின் எண்ணைச் சுருக்க விகிதத்தால் பெருக்கினால், ஃபிலிமில் மில்லிமீட்டருக்கு எத்தனை கோட்டு ஜோடி (ஒரு கறுப்புக் கோடும் அடுத்த வெள்ளை இடைவெளியும்) பதிந்தது என்று தெரிந்துவிடும். டிஜிட்டல் வந்ததும் வீட்டில் படமெடுப்பவர்கள் கைவிட்டது இந்தப் பழக்கத்தைத்தான்.

அட்டையில் பிரபலமானது அமெரிக்க விமானப்படையின் 1951 மாதிரி. மூன்று கிடைக்கோடு, மூன்று நிலைக்கோடு கொண்டது ஓர் உறுப்பு. ஆறு உறுப்பு ஒரு தொகுதி. தொகுதி ஒன்று ஏறினால் நுணுக்கம் இரட்டிக்கும். உறுப்புக்கு உறுப்பு ஏறத்தாழ 12 சதவீதம் கூடும். தொகுதி 0, உறுப்பு 1 என்றால் மில்லிமீட்டருக்கு 1 ஜோடி. தொகுதி 2, உறுப்பு 1 என்றால் 4. இதை வீட்டு லேசர் பிரிண்டரில் அச்சிட வேண்டாம். 600 புள்ளி பிரிண்டர் கணக்குப்படி 11 ஜோடி வரை போடலாம்; நடைமுறையில் அதில் பாதியிலேயே டோனர் பரவிக் கோடுகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அளப்பது லென்ஸை அல்ல, பிரிண்டரை. புகைப்படத் தாளிலோ கண்ணாடியிலோ பதித்த அட்டையை விலைக்கு வாங்குங்கள்.

ஐந்து அட்டை வேண்டும். சமமான பலகையில் நடுவில் ஒன்று, நான்கு மூலைக்கு ஒவ்வொன்று. நடுவில் எந்த லென்ஸும் நன்றாகத்தான் இருக்கும். குட்டு வெளிப்படுவது மூலையில். பேரேட்டில் தொகை எழுதியிருப்பதும் பக்கத்தின் ஓரத்தில்தானே.

அடுத்து கேமராவை நேராக்க வேண்டும். பலகையின் நடுவில் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்து (பாக்கெட் கண்ணாடி போதும்), கேமராத் திரையில் பாருங்கள். லென்ஸின் சொந்த பிம்பம் படத்தின் நட்டநடுவில் விழும்வரை ஸ்டாண்டின் தலையைச் சாய்த்துச் சாய்த்துத் திருத்துங்கள். ரசமட்டத்தைவிட இது நம்பகம்; தரையே சாய்ந்திருந்தாலும் கேமராவும் பலகையும் ஒன்றுக்கொன்று நேராகிவிடும்.

கண்ணாடியை எடுத்துவிட்டு, திரையைப் பெரிதாக்கி நடு அட்டையில் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். ஐ.எஸ்.ஓ. 100, ரா கோப்பு, இரண்டு நொடி டைமர். அப்பர்ச்சர் எஃப் 4, 5.6, 8, 11, 16 என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம். பெரும்பாலான லென்ஸுக்கு 5.6-க்கும் 8-க்கும் இடையில்தான் உச்சம். 16-க்குப் போனால் ஒளி விளிம்பில் சிதறி எல்லாமே மழுங்கும்.

இனி கணினியில் படிப்பது. 6,000 பிக்சல் அகலமுள்ள கேமராவில் ஏட்டைத் திறந்து இரு பக்கமும் சேர்ந்த 40 சென்டிமீட்டர் அகல விரிப்பை எடுத்தால் மில்லிமீட்டருக்கு 15 பிக்சல். ஒரு ஜோடிக்குக் குறைந்தது 2 பிக்சல் வேண்டும் என்பதால் உச்சவரம்பு 7.5 ஜோடி. பெரிய கோட்டிலிருந்து சிறியதை நோக்கி இறங்குங்கள். மூன்று கோடும் பிரியாத முதல் உறுப்பில் நின்றுவிட வேண்டும். அதற்கும் கீழே சில சமயம் கோடு மறுபடி தெளிவது போலிருக்கும். எண்ணிப் பார்த்தால் மூன்றுக்குப் பதில் இரண்டே இருக்கும். அது பிக்சல் செய்கிற மாயம், கணக்கில் சேராது.

நடுவில் தொகுதி 2, உறுப்பு 5 வரை பிரிந்தால் 6.35 ஜோடி, நல்ல லென்ஸ். மூலையில் 4 ஜோடியுடன் நின்றுவிட்டால் யோசிக்க வேண்டும். நான்கு மூலையும் ஒரேபோல மங்கல் என்றால் அப்பர்ச்சரை ஒரு படி குறுக்குங்கள். ஒரு மூலை மட்டும் என்றால், கேமராவை 180 பாகை திருப்பி மீண்டும் எடுங்கள். மங்கல் கேமராவோடு சுற்றி வந்தால் கோளாறு லென்ஸில். பலகையின் அதே மூலையில் நின்றால் ஸ்டாண்டில்.

கண்ணை நம்பாதவர்கள் புது சவர பிளேடு ஒன்றை வெள்ளைத் தாளில் சுமார் 5 பாகை சாய்த்து வைத்து எடுத்து, எம்.டி.எஃப். மேப்பர் என்ற இலவச மென்பொருளில் கொடுக்கலாம். ஐ.எஸ்.ஓ. 12233 சொல்லும் சாய்விளிம்பு முறை இதுதான். கேமராவின் ஷார்ப்பனிங்கை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸ் பெறாத மதிப்பெண் வந்துசேரும்.

கிடைத்த எண் போதுமா? மைக்ரோஃபிலிம்காரர்கள் பிரிந்த ஜோடி எண்ணிக்கையை ஆங்கிலச் சின்ன 'இ' எழுத்தின் மில்லிமீட்டர் உயரத்தால் பெருக்குவார்கள். 8 வந்தால் உயர்தரம், 5 நடுத்தரம், 3.6 தட்டுத்தடுமாறிப் படிக்கலாம். 1.2 மில்லிமீட்டர் எழுத்துக்கு மேலே சொன்ன நடுப்பகுதி 7.6, மூலை 4.8. என் கருத்தில், சுழியும் புள்ளியும் பின்னக் குறிகளும் நிறைந்த நம் கணக்கேட்டுக்கு 5 போதாது, மூலையிலும் 8 வேண்டும். வராவிட்டால் விரிப்பை ஒரே படமாக எடுக்காமல் பக்கம் பக்கமாக எடுங்கள். படத்தில் விழும் அகலம் பாதியானால் மில்லிமீட்டருக்கான பிக்சல் இரட்டிக்கும்.

அளந்த படத்தை அழித்துவிடாதீர்கள். தேதி, லென்ஸ், அப்பர்ச்சர் எழுதிய சீட்டை அட்டைக்குப் பக்கத்தில் வைத்து எடுத்து, ஒவ்வொரு கோப்புறையிலும் முதல் படமாகச் சேருங்கள். ஸ்டாண்டை யாராவது இடித்தாலும், லென்ஸைக் கழற்றி மாட்டினாலும் மறுபடி எடுங்கள். கல்யாணத்துக்கோ முன்னோருக்கான படைப்புக்கோ பங்காளிகள் கூடி வீட்டைத் திறக்கிற நாட்கள்தான் இந்த வேலைக்குக் கிடைக்கும். அட்டையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.