ஐந்து அங்குலத்தின் விலை

அமெரிக்காவில் விடுமுறை வந்தால் வீட்டையே பிக்கப் வண்டியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் ஏராளம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள பெரிய டிரெய்லர்களில் ஒரு ரகம் ‘ஃபிஃப்த் வீல்’. இதன் மூக்கு பிக்கப்பின் சரக்குத் தொட்டிக்கு மேலே நீண்டு, தொட்டிக்குள் இருக்கும் கொண்டியில் உட்காரும். இன்றைய பிக்கப்புகள் முன்பைவிட உயரம். மூக்கின் அடிப்பகுதிக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவே ஐந்தாறு அங்குலமாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் மேடு பள்ளத்தில் வண்டி சாயும்போது தகரம் நசுங்கும். கொண்டியை மட்டும் உயர்த்தினால் டிரெய்லரின் வால் தாழ்ந்து தரையைத் தேய்க்கும். டிரெய்லரின் பின் ஆக்ஸிலில் சுமையும் கூடும். ஆகவே முழு டிரெய்லரையும் தூக்கியாக வேண்டும்.

பல டிரெய்லர்களில் கமான் பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும். அதை மேலே மாற்றினால், ஆக்ஸில் குழாயின் தடிமனும் பட்டை அடுக்கின் தடிமனும் சேர்ந்த அளவுக்கு டிரெய்லரின் அடிச்சட்டம் உயரும். 7,000 பவுண்டு (சுமார் 3,175 கிலோ) தாங்கும் ஆக்ஸிலின் குழாயே பொதுவாக 3 அங்குலம். மொத்தத்தில் ஐந்து அங்குலம் சாதாரணமாகக் கிடைத்துவிடும். புதுப் பட்டையும் வேண்டாம், பெரிய சக்கரமும் வேண்டாம்.

அவசரக்காரர்கள் இங்கேதான், பட்டை உட்காரும் இருக்கை மேலே வரட்டும் என்று ஆக்ஸிலையே தலைகீழாகத் திருப்பி மாட்டிவிடுகிறார்கள். ஆக்ஸில் நேர்க்குழாய் அல்ல. நடுப்பகுதி மேல்நோக்கி மிக லேசாக வளைந்திருக்கும். சுமை ஏறியதும் வளைவு நிமிர்ந்து, டயர் முழு அகலமும் சாலையில் பதியும். கவிழ்த்து மாட்டினால் வளைவு கீழ்நோக்கி வந்துவிடும், சுமை அதை இன்னும் வளைக்கும். சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாய, டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். வெளியே நின்று பார்த்தால் புது டயர் மாதிரிதான் தெரியும். குனிந்து உள்பக்கம் கைவிட்டுத் தடவினால் கம்பி தட்டுப்படும்.

முறையான வழி, ஆக்ஸிலை இருந்தபடியே விட்டு, குழாயின் மேல்பக்கத்தில் பட்டை உட்காரப் புது இருக்கைகளை வெல்டிங் செய்வது. வெல்டிங் சூட்டில் குழாய் கோணிக்கொள்ளும் என்பதால், இது வீட்டு வாசலில் செய்கிற வேலை அல்ல என்பேன்.

உயரத்துக்கு இயற்பியலும் கட்டணம் கேட்கும். சக்கர இடைவெளியில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால், வண்டி கவிழும் எல்லை தோராயமாகக் கிடைக்கும். இடைவெளி 2 மீட்டர், மையம் 1.4 மீட்டர் உயரம் என்று வையுங்கள். பக்கவாட்டு விசை எடையில் 71 சதவீதத்தைத் தொட்டால் கவிழும். ஐந்து அங்குலம் ஏற்றியபின் 65 சதவீதமே போதும். டயரும் பட்டையும் நெகிழ்வதால் உண்மை எல்லை இதைவிடக் குறைவு. பக்கக்காற்று வேறு.

கூரையையும் அளந்துகொள்ள வேண்டும். வண்டி 13 அடி 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது பல மாநிலங்களில் சட்டம். பெரிய ஃபிஃப்த் வீல்கள் ஏற்கெனவே 13 அடியை ஒட்டி நிற்பவை. வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் 11 அடி 8 அங்குல ரயில் பாலம் ஒன்று, லாரிகளின் கூரையை உரித்தே பேர் வாங்கியது. 2019-இல் பாலத்தையே 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் வண்டிகள் முட்டத்தான் செய்தன.