இசைத்தட்டில் கற்ற கேள்விஞானம்

ஹிப்-ஹாப் பிறந்த கதையைப் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். 1970-களின் நியூயார்க், பிராங்ஸ் பகுதியின் வறுமை, நகரத்தின் கஜானா காலியாகிப் பள்ளிகளில் வெட்டப்பட்ட இசை வகுப்புகள், வாத்தியம் கிடைக்காமல் வீட்டிலிருந்த இசைத்தட்டுகளைச் சுழலவிட்ட பிள்ளைகள். இதில் பொய் இல்லை. ஆனால், இது இசை தெரியாதவர்கள் செய்த இசை, தாளத்தின் மேல் வெறும் பேச்சு என்று பலர் இதிலிருந்து முடிவு கட்டிவிடுகிறார்கள். அதுதான் தவறு. வானொலியும் பெரிய நிறுவனங்களும் அதிகம் கண்டுகொள்ளாத ‘அண்டர்கிரவுண்ட்’ ஹிப்-ஹாப் பக்கம் போனால் இந்த முடிவு நிற்காது. அங்கே பெயரெடுத்தவர்கள் எந்த வீட்டில், எதைக் கேட்டு வளர்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும். நாம் கேள்விஞானம் என்கிறோமே, அதை இவ்வளவு தீவிரமாகப் பயின்றவர்கள் குறைவு.

டெட்ராய்டின் ஜே டில்லாவை எடுத்துக்கொள்வோம். இயற்பெயர் ஜேம்ஸ் யான்சி, பிறந்தது 1974-ல். அம்மா ஆபரா பயின்ற பாடகி, அப்பா ஜாஸ் பேஸ் வாசித்தவர். பதின்வயதில் அவருக்கு எம்பிசி என்ற கருவியை அறிமுகப்படுத்தியவர் அதே வட்டாரத்தில் இருந்த ஆம்ப் ஃபிட்லர், பார்லமென்ட்-ஃபங்கடெலிக் குழுவின் கீபோர்டு கலைஞர். எம்பிசி பார்ப்பதற்குப் பழைய கல்லாப்பெட்டி போல இருக்கும். அதன் முகப்பில் நாலுக்கு நாலாகப் பதினாறு ரப்பர் பொத்தான்கள். இசைத்தட்டிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி ஒரு பொத்தானில் ஏற்றி, விரலால் தட்டி வாசிக்கலாம். விரல் சற்று முந்தினாலும் பிந்தினாலும் அடியை இழுத்துச் சரியான இடத்தில் உட்காரவைக்கும் வசதியும் அதில் உண்டு. எல்லோரும் அந்த வசதியை நம்பியிருந்த காலத்தில், டில்லா அடிகளை வேண்டுமென்றே இடம் தள்ளி வைத்தார். ஸ்நேர் டிரம் ஒரு இழை முந்தும், அடிமுரசு ஒரு இழை பின்தங்கும், நேராகப் போகும் நடையும் ஊஞ்சலாடும் நடையும் ஒரே பாட்டுக்குள் உரசிக்கொண்டு நடக்கும். முதலில் கேட்பவருக்குத் தாளம் தடுமாறுவதாகத்தான் தோன்றும். இரண்டு சுற்று முடிந்த பிறகே, அந்தத் தடுமாற்றம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வருவது காதில் விழும். ‘தி ரூட்ஸ்’ குழுவின் டிரம் கலைஞர் க்வெஸ்ட்லவ் தன் பழகிய கையை மாற்றிக்கொண்டு இதைப் பயின்றார். பாடகர் டிஏஞ்சலோவின் ‘வூடூ’ (2000) ஆல்பத்தில் கேட்பது அந்தப் பயிற்சிதான். தோலில் அடித்து வளர்ந்தவர், ரப்பர் பொத்தானில் தட்டியவரிடம் தாளம் கற்றார்.

கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்நார்டில் வளர்ந்த இன்னொரு ஹிப்-ஹாப் இசையமைப்பாளர் மாட்லிப்பின் அப்பா சோல் பாடகர். மாமா ஜான் ஃபாடிஸ், டிஸ்ஸி கில்லெஸ்பியின் வழிவந்த ட்ரம்பெட் கலைஞர். 2003-ல் ப்ளூ நோட் நிறுவனம் தன் ஜாஸ் பதிவுகளை மாட்லிப்பிடம் திறந்து கொடுத்தது. அதற்கு முன்பே அவர் ‘எஸ்டர்டேஸ் நியூ க்விண்டெட்’ என்று ஐவர் ஜாஸ் குழு ஒன்றை உருவாக்கியிருந்தார். பெயர்கள் ஐந்து, வாசித்த ஆள் ஒருவர். 2004-ல் ராப்பர் எம்எஃப் டூமுடன் வந்த ‘மேட்வில்லனி’ ஆல்பத்துக்கான மெட்டுகளில் பலவற்றை பிரேசிலில் ஓட்டல் அறையில், கையடக்க இசைத்தட்டுப் பெட்டியும் கேசட் டெக்கும் ஒரு சிறு சாம்ப்ளரும் வைத்துச் செய்தார். கருவி அவ்வளவுதான், மீதி காது. ஃப்ளையிங் லோட்டஸ் என்ற பெயரில் இசையமைக்கும் ஸ்டீவன் எலிசன், ஆலிஸ் கோல்ட்ரேனின் சகோதரி வழிப் பேரன். ஹார்ப் வாசித்த அந்த ஜாஸ் மேதை பிற்காலத்தில் ஆசிரமம் அமைத்து, ஆர்கனும் சின்தசைசரும் வைத்து சமஸ்கிருத பஜனைகள் பாடிப் பதிவு செய்தவர். பேரனின் ‘காஸ்மோகிராமா’வில் (2010) ஹார்ப் ஒலிப்பதும், ஆலிஸின் மகன் ரவி கோல்ட்ரேன் சாக்ஸஃபோன் வாசிப்பதும் தற்செயல் அல்ல.

இசைக் குடும்பத்துப் பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்துக் காட்டுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, எல்லோருக்கும் இப்படி வீடு வாய்க்கவில்லை. ஆனால் வீடு தராததைத் தெரு தந்தது. 1989-ன் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸில் ‘குட் லைஃப்’ என்ற ஆரோக்கிய உணவுக் கடையில் வாராவாரம் ராப் மேடை தொடங்கியது. கெட்ட வார்த்தைக்கு இடமில்லை, சரக்கு இல்லாதவரை மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கச் சொல்லிச் சபையே குரல் எழுப்பும். அங்கே வளர்ந்த ‘ஃப்ரீஸ்டைல் ஃபெல்லோஷிப்’ குழுவினர் ஜாஸ் சாக்ஸஃபோன்காரர் தனி வாசிப்பதுபோலச் சொற்களை வளைத்தார்கள். அருகே லைமர்ட் பார்க்கில் அதே காலத்தில் டிரம் கலைஞர் பில்லி ஹிக்கின்ஸ் கூட்டாகத் தொடங்கிய ‘வேர்ல்ட் ஸ்டேஜ்’ என்ற ஜாஸ் அரங்கமும் இருந்தது. ஒரே காற்றை இரு தரப்பும் சுவாசித்தன. குருவிடம் உட்கார்ந்து கற்றால்தான் சங்கீதம் என்பவர்கள், கேட்டே தேறியவர்களை நம் ஊரில் மட்டும் மெச்சுவது சரியாகாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம், அடுத்தவர் பதிவிலிருந்து துணுக்கெடுக்கும் சாம்ப்ளிங் திருட்டு என்பது. 1991-ல் ஒரு சாம்ப்ளிங் வழக்கில் ராப்பர் பிஸ் மார்க்கிக்கு எதிரான தீர்ப்பை, திருடாதே என்ற பைபிள் கட்டளையோடுதான் நீதிபதி தொடங்கினார். இந்தப் புகாரைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ‘தி வின்ஸ்டன்ஸ்’ குழுவின் டிரம் கலைஞர் கிரெகரி கோல்மன் 1969-ல் ‘ஆமென், பிரதர்’ பாட்டில் வாசித்த ஆறேழு நொடித் துணுக்கை ஆயிரக்கணக்கான பாட்டுகள் எடுத்து ஆண்டன. அதற்கான உரிமைத்தொகை அவர் கைக்கு வராமலே 2006-ல் இறந்தார். அது அநியாயம். ஆனால் காசு தராததும் இசை தெரியாததும் வேறு வேறு குற்றச்சாட்டுகள். ஒரு தட்டில் எந்த ஆறு நொடி உயிருள்ளது என்று கண்டெடுப்பதற்கு, அதை வாசித்தவரை மதிக்கும் காது வேண்டும். கோல்மனுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்கும்போது, அந்தக் காதின் திறமையை மறுக்க வேண்டிய தேவை இல்லை.

டில்லா 2006 பிப்ரவரியில், தன் ‘டோனட்ஸ்’ ஆல்பம் வெளிவந்த மூன்றாம் நாள், 32 வயதில் இறந்தார். அவருடைய எம்பிசியை அம்மா மோரீன் யான்சி வாஷிங்டனிலுள்ள ஆப்பிரிக்க-அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பார்லமென்ட்-ஃபங்கடெலிக் குழு தன் மேடைகளில் இறக்கிய விண்கலமும் அந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. ஆம்ப் ஃபிட்லர் கீபோர்டு வாசித்த குழு அது.